டிஸ்க் நிரம்பும் முன்பே தெரிந்துகொள்ள: சர்வர்களுக்குச் சொந்தமாக ஒரு கண்காணிப்பு

கண்காணிப்பு அமைக்கலாம் என்று உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது அளவீடுகளைப் படமாக வரையும் கிராஃபானாவில்தான். கறுப்புத் திரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட ஆரம்பித்ததும் வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. கொஞ்ச நாள் போனால் அந்த டாஷ்போர்டை யாரும் திறப்பதில்லை, டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் படுத்துவிட்டால் அதை முதலில் சொல்கிறவர் தளம் திறக்கவில்லை என்று போன் செய்யும் பயனராகத்தான் இருப்பார். அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: முதலில் கேள்விகள், அதற்கேற்ற அளவீடுகள், அப்புறம் அலர்ட், படம் வரைவது கடைசியில்.

இதைப் படிக்கிறவருக்கு லினக்ஸ் சர்வரில் ஒரு சேவையை நிறுவி ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் மெட்ரிக் (அளவீடு) பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், தட்டும்போது மெட்ரிக் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எதற்காக எழுந்து வருவீர்கள்?

ஒரு காகிதத்தை எடுத்து, எதெல்லாம் நின்றால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் போனால் கொஞ்சம் அடித்துவிடுங்கள், அவ்வளவுக்கும் யாரும் எழுந்து வரப்போவதில்லை. வழக்கமாக எல்லோருடைய பட்டியலிலும் இவை இருக்கும்: தளம் வெளியிலிருந்து பார்த்தால் திறக்கிறதா, டிஸ்க் நாளைக்குள் நிரம்பிவிடுமா, மெமரி போதாமல் கெர்னல் எதையாவது கொல்கிறதா, டிஎல்எஸ் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது, நேற்று இரவு பேக்கப் ஓடியதா, ஓடியது என்றால் கோப்பு உருப்படியான அளவில் வந்ததா.

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த கருவி பதில் சொல்லிவிடும், பேக்கப் விஷயம் மட்டும் உங்கள் சர்வரில் எந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் எத்தனை மணிக்கு நடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சொந்தமாக அமைப்பது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நாமே எழுதும் பத்து இருபது வரி ஸ்கிரிப்டுகள்தான், மீதி எல்லாம் கான்ஃபிக்.

எந்தக் கருவி

அளவீடுகளைச் சேகரித்து வைக்கும் ப்ரோமிதியஸ் என்ற கருவியை வைத்தே மேலே சொல்கிறேன். 1999இல் வந்த நாகியோஸ், 2001இல் வந்த ஸாபிக்ஸ் இரண்டும் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. நாகியோஸ் ஒவ்வொரு சோதனையையும் சரி, எச்சரிக்கை, ஆபத்து என்று ஒரு நிலையாகச் சொல்லும் வழக்கம் உடையது, ஸ்விட்ச், ரூட்டர் என்று நெட்வொர்க் பெட்டிகள் நிறைய இருந்தால் ஸாபிக்ஸ் வசதி. ஒரே ஒரு சர்வர், நிறுவியவுடன் நொடிக்கு நொடி பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நெட்டேட்டா போதும், இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ப்ரோமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது, 2016இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் குபெர்னெட்டிஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு: உள்ளே நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சின்ன நிரலை சர்வரில் ஓடவிட்டு, அதன் 9100 போர்ட்டில் மெட்ரிக்ஸ் என்ற முகவரியை பிரௌசரில் திறந்தால் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று வரும். வரிக்கு ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் லேபிள்கள் (எந்த டிஸ்க், எந்த மவுண்ட் போன்ற அடையாளங்கள்), ஓர் எண். அவ்வளவுதான். ப்ரோமிதியஸ் செய்வதும் இதைக் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து படித்து, நேரத்தோடு சேமித்து வைப்பதுதான். அது தேடி வந்து எடுத்துக்கொண்டு போகிறது, சர்வர் எதையும் அனுப்புவதில்லை. இதனால் ஒரு லாபம் உண்டு: எடுக்கப் போன இடத்தில் பதில் வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். 'அப்' என்ற மெட்ரிக் ஒவ்வோர் இலக்குக்கும் தானாகவே உருவாகும், பதில் வந்தால் 1, வராவிட்டால் 0.

நிறுவுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. டெபியன் குடும்பத்தில் இரண்டுமே ஆப்ட் வழியாகக் கிடைக்கும், புதிய பதிப்பு வேண்டுமென்றால் திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பைனரியை இறக்கி சிஸ்டம்டி யூனிட் எழுதிக்கொள்ளலாம். ரூட்டாக ஓட்டாதீர்கள், தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். நோட் எக்ஸ்போர்ட்டரை மட்டும் டாக்கருக்குள் போடாமல் நேரடியாக ஹோஸ்டிலேயே ஓட்டுவது நல்லது, அது பார்க்க வேண்டியது ஹோஸ்டைத்தான், கன்டெய்னருக்குள் போட்டால் அது தப்பான டிஸ்க்கையும் தப்பான நெட்வொர்க்கையும் பார்க்காமல் இருக்க நாலைந்து மவுண்ட் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

போர்ட்டுகள்: ப்ரோமிதியஸ் 9090, அலர்ட் செய்திகளை அனுப்பும் அலர்ட்மேனேஜர் 9093, நோட் எக்ஸ்போர்ட்டர் 9100, தளத்தை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் 9115, கிராஃபானா 3000. இவற்றில் எதையும் இணையத்துக்கு அப்படியே திறந்து வைக்கக் கூடாது. ப்ரோமிதியஸும் எக்ஸ்போர்ட்டர்களும் வந்தபடியே விட்டால் பாஸ்வேர்டு கேட்பதில்லை. 9100 திறந்திருந்தால் கெர்னல் பதிப்பு, மவுண்ட் பெயர்கள், நெட்வொர்க் கார்டுகள் எல்லாம் வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் தெரியும். ஃபயர்வாலில் கண்காணிப்பு சர்வரின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், அல்லது எல்லாவற்றையும் வயர்கார்டு விபிஎன்னுக்குள் கொண்டுவந்து அந்த உள் முகவரியில் மட்டும் கேட்க வையுங்கள். வெப் கான்ஃபிக் கோப்பு ஒன்று கொடுத்து டிஎல்எஸ்ஸும் பாஸ்வேர்டும் போடவும் வழி இருக்கிறது.

இடைவெளியும் இடமும்

எத்தனை நொடிக்கு ஒருமுறை படிப்பது? ஒன்றும் சொல்லாவிட்டால் ப்ரோமிதியஸ் 1 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும், கூடவே வரும் மாதிரிக் கான்ஃபிக்கில் 15 நொடி என்று இருக்கும். 15 அல்லது 30 நொடி எல்லாருக்கும் போதும். எது வைத்தாலும் எல்லா ஜாபுக்கும் (ஒரே வகை இலக்குகளின் தொகுப்பு) ஒரே இடைவெளியாக வையுங்கள், இல்லாவிட்டால் பிற்பாடு ரேட் (நொடிக்கு எவ்வளவு கூடுகிறது) கணக்குப் போடும்போது எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

சேமிப்பு 15 நாள்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் ரிட்டென்ஷன் டைம் கொடியில் சொல்ல வேண்டும். பலர் டிஸ்க் போய்விடுமே என்று பயந்து இதைத் தொடுவதில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். ஓர் அளவீட்டுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட்தான் செலவாகிறது. 5 சர்வர், ஒவ்வொன்றிலும் 1000 வரி என்று வைத்துக்கொள்வோம். 15 நொடிக்கு ஒருமுறை படித்தால் நொடிக்குச் சுமார் 333 அளவீடு, ஆளுக்கு 2 பைட் போட்டால் ஒரு நாளைக்கு 58 எம்பி, ஒரு வருடத்துக்கு 21 ஜிபி. தாராளமாக ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். போன வருடம் இதே மாதத்தில் டிஸ்க் எந்த வேகத்தில் வளர்ந்தது என்று பார்க்க முடிவது புதிய டிஸ்க் கேட்டு மேலதிகாரியிடம் போகும்போது ரொம்பவே உதவும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான், லேபிள். ஒவ்வொரு லேபிள் மதிப்பும் தனி வரிசையாகச் சேமிக்கப்படும். பயனர் எண், ஈமெயில், முழு யூஆர்எல் போன்ற எதையாவது லேபிளாக வைத்தால் ஆயிரம் வரி பத்து லட்சமாகும், மெமரியைத் தின்று ப்ரோமிதியஸே விழும். சர்வர் பெயர், சூழல், மவுண்ட் என்று எண்ணி அடங்கும் விஷயங்கள் மட்டும் லேபிளில் இருக்கட்டும், மற்றதெல்லாம் லாக்கில் இருக்க வேண்டிய சமாச்சாரம்.

கான்ஃபிக்கை மாற்றியதும் சேவையை மறுபடி தொடங்காதீர்கள். ப்ரோமிதியஸோடு வரும் ப்ரோம்டூலை ப்ரோம்டூல் செக் கான்ஃபிக் என்று ஓட்டிப் பார்த்து, தப்பில்லை என்றால் ஒரு சிக்ஹப் சிக்னல் அனுப்பினால் போதும், புதிய கான்ஃபிக்கை எடுத்துக்கொள்ளும். யாமல் கோப்பில் ஒரு இடைவெளி தவறினாலும் தகராறுதான், அதனால் அந்தச் சோதனையை விடாதீர்கள்.

எந்த எண்ணை நம்புவது

நோட் எக்ஸ்போர்ட்டர் கொட்டும் எண்களில் சிலவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, சிலவற்றைப் பார்த்து நிம்மதியடையவும் கூடாது.

மெமரியில் 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் கோப்பு கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும், ஆகவே நன்றாக ஓடும் சர்வரில் ஃப்ரீ எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்', புதிதாக ஒரு நிரல் கேட்டால் ஸ்வாப் பக்கம் போகாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னலே கணித்துச் சொல்லும் எண் அது, லினக்ஸ் 3.14இலிருந்து இருக்கிறது.

லோட் ஆவரேஜ் இன்னொரு குழப்பம். லினக்ஸில் அது சிபியுவுக்காகக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காகவோ என்எஃப்எஸ்ஸுக்காகவோ அசைய முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பிராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. லோட் 40 என்று இருக்கும், சிபியு பக்கம் போனால் 5 சதவீதம் கூட ஓடாது, என்எஃப்எஸ் சர்வர் எங்கோ செத்துக் கிடக்கும். லோடை மட்டும் வைத்து அலர்ட் போட்டால் எங்கே போய்ப் பார்ப்பது என்றே தெரியாது.

இதற்கு நல்ல மாற்று, 4.20 கெர்னலில் வந்த பிஎஸ்ஐ, அதாவது பிரஷர் ஸ்டால் கணக்கு. சிபியு, மெமரி, ஐஓ மூன்றுக்கும் தனித்தனியாக, வேலைகள் எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நின்றன என்று நொடிக் கணக்கில் சொல்லும். நோட் எக்ஸ்போர்ட்டர் இதை நோட் பிரஷர் என்று தொடங்கும் பெயர்களில் தருகிறது. அதன் ரேட் 0.2 என்றால் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு வேலை காத்திருந்திருக்கிறது என்று பொருள். சில டிஸ்ட்ரோக்களில் பூட் வரியில் பிஎஸ்ஐ=1 என்று கொடுத்தால்தான் இது வேலை செய்யும், எண்கள் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

டிஸ்க்கில் இரண்டு எண் இருக்கும், 'ஃப்ரீ' ஒன்று, 'அவெய்ல்' ஒன்று. இஎக்ஸ்டி4இல் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், ஃப்ரீ அதையும் சேர்த்துச் சொல்லும். உங்கள் டேட்டாபேஸ் ரூட்டாக ஓடுவதில்லை, அதனால் ஃப்ரீயில் இன்னும் இடம் இருப்பதாகக் காட்டும்போதே அதற்கு எழுத இடம் இல்லாமல் போய்விடும். அவெய்லைப் பாருங்கள். கூடவே ஐநோடையும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு) பாருங்கள், சின்னச் சின்ன செஷன் கோப்புகளை லட்சக்கணக்கில் குவிக்கும் அப்ளிகேஷன் இருந்தால் இடம் பாதி மீதமிருக்கும்போதே ஐநோட் தீர்ந்து 'இடமில்லை' என்று பிழை வரும், டிஎஃப் அடித்துப் பார்க்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

கூடிக்கொண்டே போகும் கவுண்டர்களை அப்படியே பார்ப்பதில் பயனில்லை, ரேட் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ரேட்டுக்குக் கொடுக்கும் கால அளவு, படிக்கும் இடைவெளியைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும். 15 நொடிக்கு ஒருமுறை படித்தால் குறைந்தது 1 நிமிடம். இடையில் ஒரு தடவை படிக்க முடியாமல் போனாலும் கோடு அறுந்துபோகாது.

சொந்த மெட்ரிக்: பேக்கப்பை எடுத்துக்கொள்வோம்

நோட் எக்ஸ்போர்ட்டரில் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஃபோல்டரை அதற்குக் காட்டிவிட்டால் அதில் 'ப்ரோம்' என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் படித்து, உள்ளே இருக்கும் வரிகளைத் தன் மெட்ரிக்ஸ் பக்கத்தில் சேர்த்துவிடும். அதற்கு எக்ஸ்போர்ட்டர் எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஷெல்லில் ஒரு எக்கோ போடத் தெரிந்தால் போதும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை இரவு 2 மணிக்கு டம்ப் எடுத்து ஜிஜிப் செய்து வைக்கும் ஸ்கிரிப்ட் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முடிவில் மூன்று வரிகள் எழுத வேண்டும்: கடைசியாக வெற்றிகரமாக முடிந்த நேரம் யூனிக்ஸ் நொடியில், கோப்பின் அளவு பைட்டில், எடுத்துக்கொண்ட நேரம் நொடியில். பெயர்களை பேக்கப் லாஸ்ட் சக்சஸ் டைம்ஸ்டாம்ப் செகண்ட்ஸ், பேக்கப் சைஸ் பைட்ஸ், பேக்கப் டியூரேஷன் செகண்ட்ஸ் என்று வையுங்கள், அலகு பெயரிலேயே இருப்பதுதான் ப்ரோமிதியஸ் உலகத்தின் வழக்கம். எம்பி, நிமிடம் என்றெல்லாம் மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள், பைட்டும் நொடியும் போதும், கிராஃபானா அழகாக மாற்றிக் காட்டும்.

இப்போது கவனமாகச் செய்ய வேண்டிய இடங்கள். ஸ்கிரிப்டை பாஷில் எழுதுங்கள், மேலேயே செட் மைனஸ் இ, கூடவே பைப்ஃபெயில் இரண்டையும் போடுங்கள். பைப்ஃபெயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், பிஜி டம்ப் பாஸ்வேர்டு தப்பு என்று முதல் நொடியிலேயே செத்துவிடும், ஆனால் பைப்பின் மறுபக்கம் நிற்கும் ஜிஜிப் வெறுமையை நன்றாகவே சுருக்கி வைத்துவிட்டு வெற்றி என்று 0 திருப்பித் தரும், ஷெல் கடைசிக் கட்டளையை மட்டும் பார்த்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். ஃபோல்டரில் இன்றைய தேதியிட்ட கோப்பு ஒன்று இருக்கும், அளவு 20 பைட். வெறுமையை ஜிஜிப் செய்தால் அவ்வளவுதான் வரும். பேக்கப் ஃபோல்டரில் எங்காவது 20 பைட் கோப்புகள் வரிசையாக நிற்கின்றனவா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

அடுத்தது, ப்ரோம் கோப்பை நேரடியாக எழுதக் கூடாது. நீங்கள் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது நோட் எக்ஸ்போர்ட்டர் வந்து படித்தால் அரைகுறை வரி கிடைக்கும். அதே ஃபோல்டரில் வேறு பெயரில், கடைசியில் ப்ரோம் என்று இல்லாத ஒரு தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி முடித்து, அப்புறம் எம்வி கட்டளையால் சரியான பெயருக்கு மாற்றுங்கள். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடந்துவிடும், பாதி நிலை என்று ஒன்று கிடையாது. டெம்ப் ஃபோல்டரில் எழுதி அங்கிருந்து நகர்த்தினால் அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருக்கலாம், அப்போது எம்வி உள்ளுக்குள் நகல்தான் எடுக்கும், செய்த காரியமே வீண்.

தற்காலிகக் கோப்புக்கு எம்கேடெம்ப் பயன்படுத்தினால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அது உருவாக்கும் கோப்பின் அனுமதி 600, உரிமையாளர் மட்டும் படிக்கலாம். பேக்கப் ரூட்டாக ஓடும், நோட் எக்ஸ்போர்ட்டர் வேறு பயனராக ஓடும், கோப்பு இருக்கும் ஆனால் மெட்ரிக் வராது. எம்விக்கு முன்னால் 644 என்று மாற்றிவிடுங்கள். நோட் டெக்ஸ்ட்ஃபைல் ஸ்க்ரேப் எர்ரர் என்ற மெட்ரிக் 1 என்று காட்டினால் இந்த மாதிரி ஏதோ ஒன்று என்று புரிந்துகொள்ளலாம், அதற்கும் ஓர் அலர்ட் போட்டு வைப்பது நல்லது. வரியின் கடைசியில் நேரமுத்திரை சேர்க்கும் ஆசை வரும், டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் அதை ஏற்காது. நேரத்தை மெட்ரிக்கின் மதிப்பாகவே வைப்பதுதான் முறை, நாம் மேலே செய்ததும் அதுதான்.

ப்ரோம் கோப்பை எழுதும் பகுதி ஸ்கிரிப்டின் கடைசியில், எல்லாம் வெற்றியாக முடிந்த பிறகே வர வேண்டும். தோற்றால் 0 என்று ஒன்று எழுத வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றால், கிரான் வரியையே யாரோ நீக்கிவிட்டார்கள் என்றால், 0 எழுதவும் ஆள் இருக்காது. கடைசி வெற்றி எப்போது என்ற ஒரே எண் எல்லா விதத் தோல்வியையும் பிடித்துவிடும், அது பழையதாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

இதே உத்தியை எதற்கும் பயன்படுத்தலாம்: மெயில் க்யூவில் எத்தனை நிற்கிறது, நிறுவ வேண்டிய பாதுகாப்பு அப்டேட் எத்தனை, ஸ்மார்ட்சிடிஎல் சொல்லும் டிஸ்க்கின் மறு ஒதுக்கீட்டு செக்டர் எண்ணிக்கை ஏறுகிறதா, மூன்றாம் தரப்பிலிருந்து வர வேண்டிய கோப்பு இன்று வந்ததா. புஷ்கேட்வே என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது எந்த சர்வரோடும் ஒட்டாமல் தோன்றி மறையும் வேலைகளுக்கானது, அங்கே ஒருமுறை தள்ளிய மதிப்பு நீங்களாக அழிக்கும்வரை அப்படியே நிற்கும், சர்வரே போய்ச் சேர்ந்த பிறகும் அதன் மெட்ரிக் நலமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட சர்வரில் ஓடும் வேலைக்கு டெக்ஸ்ட்ஃபைல்தான் சரி.

அலர்ட் விதிகள்

பேக்கப்பிலேயே தொடங்கலாம். டைம் செயல்பாடு தரும் இப்போதைய நேரத்திலிருந்து கடைசி வெற்றி நேரத்தைக் கழித்து, அது 93600ஐத் தாண்டினால் அலர்ட். 26 மணி நேரம். 24 என்று வைத்தால் ஒரு நாள் பேக்கப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தாலே அலறும். இரண்டாவது விதி, கோப்பின் அளவு கடந்த 7 நாள் சராசரியில் பாதிக்கும் கீழே போனால். ஆவரேஜ் ஓவர் டைம் என்ற செயல்பாடு அந்தச் சராசரியைத் தரும். ஏதோ ஒரு டேபிள் விட்டுப்போன பேக்கப்பை இது பிடிக்கும்.

மூன்றாவது விதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மெட்ரிக்கே இல்லாமல் போய்விட்டால்? ப்ரோமிதியஸில் ஒப்பீடு என்பது ஒரு வடிகட்டி, நிபந்தனைக்கு உட்படும் வரிகளை மட்டும் திருப்பித் தரும். வரியே இல்லை என்றால் திருப்பித் தர ஒன்றுமில்லை, ஒன்றும் வராவிட்டால் அலர்ட்டும் இல்லை. சர்வரை மாற்றியபோது டெக்ஸ்ட்ஃபைல் ஃபோல்டரின் பாதை மாறிப்போனால் உங்கள் பேக்கப் அலர்ட் சத்தமே இல்லாமல் செத்துப்போகும். ஆப்சென்ட் என்ற செயல்பாடு இதற்காகவே இருக்கிறது, முக்கியமான ஒவ்வொரு சொந்த மெட்ரிக்குக்கும் ஆப்சென்ட் விதி ஒன்று எழுதிவிடுங்கள்.

டிஸ்க்குக்கு 90 சதவீதம் தாண்டினால் என்று எல்லோரும் போடும் விதி அவ்வளவு நல்லதில்லை. 4 டிபி டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி இருக்கிறது, மாதக்கணக்கில் தாங்கும். 20 ஜிபி ரூட் பார்ட்டிஷனில் ஒரு டீபக் லாக் அரை மணியில் மிச்சத்தை முடித்துவிடும். ப்ரெடிக்ட் லீனியர் செயல்பாட்டுக்குக் கடந்த 6 மணி நேர அவெய்ல் அளவையும் 86400 நொடியையும் கொடுத்தால் இதே வேகத்தில் போனால் 24 மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லும், அது 0க்குக் கீழே போனால் அலர்ட். ஆனால் இது மட்டும் இருந்தால் இரவில் பேக்கப் எழுதும்போதெல்லாம் கோடு சரிந்து பொய் அலர்ட் வரும், அதனால் 'இப்போதே 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்' என்ற நிபந்தனையையும் ஆண்ட் போட்டுச் சேர்த்துவிடுங்கள். டெம்ப்எஃப்எஸ், ஓவர்லே வகை மவுண்டுகளை லேபிள் வடிகட்டியில் விலக்குங்கள்.

ஒவ்வொரு விதியிலும் 'ஃபார்' என்று ஒரு கால அளவு கொடுக்கலாம், அவ்வளவு நேரம் தொடர்ந்து நிபந்தனை நின்றால்தான் அலர்ட் கிளம்பும். அப் 0 என்பதற்கு 5 நிமிடம், டிஸ்க்குக்கு 30 நிமிடம் என்று வைத்தால் நெட்வொர்க் இருமியதற்கெல்லாம் செய்தி வராது.

தளம் திறக்கிறதா என்பதற்கு பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர். இதை வேறு இடத்தில், வேறு நெட்வொர்க்கில் வையுங்கள், அதே சர்வரிலிருந்து தன்னைத்தானே தட்டிப் பார்ப்பதால் வெளி உலகத்துக்கு என்ன தெரிகிறது என்று தெரியாது. ப்ரோப் எஸ்எஸ்எல் எர்லியஸ்ட் செர்ட் எக்ஸ்பைரி என்ற மெட்ரிக்கும் இதிலேயே வரும். 90 நாள் செல்லுபடியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை செர்ட்பாட் 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பித்துவிடும், ஆகவே 21 நாளுக்குக் கீழே போனால் அலர்ட் என்று வைத்தால், அது வரும்போது தானியங்கிப் புதுப்பிப்பு உடைந்திருக்கிறது என்று புரிந்துவிடும், சரிசெய்ய மூன்று வாரமும் கையில் இருக்கும்.

தீவிரத்தை இரண்டாகப் பிரித்தால் போதும்: இப்போதே எழுந்து வா, நாளைக்குப் பார். மூன்றாவதாக 'தகவலுக்கு' என்று ஒன்று வைத்தால் அது யாரும் படிக்காத மெயில் ஃபோல்டராக முடியும். அலர்ட்டின் அனோட்டேஷனில், அதாவது செய்தியோடு போகும் விளக்கத்தில், என்ன ஆனது என்பதோடு முதலில் எந்தக் கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள், இரவு 3 மணிக்குப் படிக்கிறவர் நீங்களாகவே இருந்தாலும் அந்த நேரத்து உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

அலர்ட்மேனேஜர்

விதியைக் கணக்கிடுவது ப்ரோமிதியஸ், யாருக்கு எப்போது அனுப்புவது என்று முடிவு செய்வது அலர்ட்மேனேஜர். குரூப் வெயிட் (முதல் செய்திக்கு முன் காத்திருப்பது) 30 நொடி, குரூப் இன்டர்வல் (அதே குழுவில் புதிதாகச் சேர்ந்ததைச் சொல்லும் இடைவெளி) 5 நிமிடம், ரிப்பீட் இன்டர்வல் (தீராத அலர்ட்டை மறுபடி சொல்லும் இடைவெளி) 4 மணி நேரம் என்று வரும், தொடக்கத்துக்கு இதுவே சரி. குரூப் பையில் அலர்ட் பெயரையும் சூழலையும் கொடுங்கள், ஒரு ஸ்விட்ச் போய் இருபது சர்வர் மறைந்தால் இருபது செய்திக்குப் பதில் ஒன்று வரும். இன்ஹிபிட் விதி ஒன்று எழுதி, சர்வரே கீழே என்ற அலர்ட் இருக்கும்போது அதே இன்ஸ்டன்ஸின் மற்ற அலர்ட்டுகளை அடக்குங்கள். பராமரிப்பு நேரத்துக்கு சைலன்ஸ் போடுங்கள், விதியை கமெண்ட் செய்து வைக்காதீர்கள், கமெண்டைத் திரும்ப எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது, சைலன்ஸ் தானே காலாவதியாகும்.

சரி, ப்ரோமிதியஸே விழுந்தால் யார் சொல்வது? எப்போதும் உண்மையாக இருக்கும் ஒரு விதி எழுதுங்கள், வெக்டர் 1 என்பது மட்டும் போதும், வாட்ச்டாக் என்று பெயர் வையுங்கள். அலர்ட்மேனேஜரில் அதற்கென்று தனி ரூட் (அலர்ட் போகும் வழி), ரிப்பீட் இன்டர்வலைச் சில நிமிடங்களாகக் குறைத்து, குரூப் இன்டர்வலையும் சேர்த்துக் குறைத்து, வெப்ஹூக் வழியாக வெளியே இருக்கும் ஒரு சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். அந்தச் சேவை, வர வேண்டிய தட்டு வரவில்லை என்றால் உங்களுக்குச் செய்தி அனுப்பும். ஹெல்த்செக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியை இதற்கு நீங்களே நிறுவலாம், ஆனால் வேறு சர்வரில், முடிந்தால் வேறு இடத்தில்.

இனி கிராஃபானா

2014இல் கிபானா 3இலிருந்து பிரிந்து வந்த கருவி இது. நிறுவியதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ப்ரோமிதியஸை டேட்டா சோர்ஸாகச் சேருங்கள், 1860 என்ற எண்ணைக் கொடுத்து இம்போர்ட் செய்தால் நோட் எக்ஸ்போர்ட்டர் ஃபுல் டாஷ்போர்டு வந்துவிடும். பிரச்சினை வந்தபின் தோண்டிப் பார்க்க அது அருமையானது, தினமும் பார்க்க உதவாது, பேனல்கள் அவ்வளவு. தினசரிக்குக் காகிதத்தில் எழுதிய கேள்விகளுக்கு ஒன்றாக ஐந்தாறு பேனல் கொண்ட ஒரு டாஷ்போர்டு நீங்களே செய்துகொள்ளுங்கள். ரேட் போடும் இடத்தில் நிலையான கால அளவுக்குப் பதில் ரேட் இன்டர்வல் என்ற உள்ளமைந்த மாறியைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தையும் ஒரு மாதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் கோடு ஒழுங்காக இருக்கும்.

டாஷ்போர்டு ஜேசன், டேட்டா சோர்ஸ் யாமல், விதிகள், ப்ரோமிதியஸ் கான்ஃபிக் எல்லாவற்றையும் ஒரு கிட் ரெப்போவில் போட்டு, கிராஃபானாவின் ப்ரொவிஷனிங் ஃபோல்டர் வழியாக ஏற்றுங்கள். கண்காணிப்பு சர்வர் போனால் வேறொன்றில் அரை மணியில் மறுபடி நிறுவிவிடலாம், பழைய எண்கள் போனால் போகட்டும்.

லாக் வேண்டுமென்றால் லோக்கி, வருடக்கணக்கில் சேமிக்கவோ பல ப்ரோமிதியஸை இணைக்கவோ விக்டோரியாமெட்ரிக்ஸ் அல்லது தானோஸ். இவை இப்போது வேண்டாம், ஒரு ப்ரோமிதியஸ் மூச்சு வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உடைத்துப் பாருங்கள்

விதிகளுக்கு ப்ரோம்டூல் டெஸ்ட் ரூல்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, போலி எண்களைக் கொடுத்து எந்த நிமிடத்தில் அலர்ட் கிளம்ப வேண்டும் என்று எழுதிச் சோதிக்கலாம். அது தர்க்கத்தைத்தான் சோதிக்கும், செய்தி உங்கள் போனுக்கு வந்து சேர்கிறதா என்று சொல்லாது. அதற்கு நிஜமாகவே உடைக்க வேண்டும். சோதனை சர்வர் ஒன்றில் எஃப்அலோகேட் கட்டளையால் பெரிய கோப்பு ஒன்றை உருவாக்கி டிஸ்க்கை நிரப்புங்கள். நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுத்துங்கள். பேக்கப்பின் ப்ரோம் கோப்பில் நேரத்தை இரண்டு நாள் பின்னுக்கு மாற்றுங்கள், அடுத்து அந்தக் கோப்பையே அழித்து ஆப்சென்ட் விதி விழிக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் செய்தி வந்ததா, வந்த செய்தியை மட்டும் படித்தால் எந்த சர்வர், எந்த மவுண்ட், என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். கடைசியாக ப்ரோமிதியஸையே நிறுத்திவிட்டு, வாட்ச்டாக் தட்டு நின்றுபோனது என்று வெளிச் சேவையிலிருந்து செய்தி வரும்வரை காத்திருங்கள். வரவில்லை என்றால் அலர்ட்மேனேஜரின் லாக்கில் வெப்ஹூக் வரிகளிலிருந்து தேட ஆரம்பியுங்கள், பெரும்பாலும் ரூட் வரிசையில் வாட்ச்டாக்குக்கு முன்னால் நிற்கும் வேறொரு ரூட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.